ஆலங்குளம் தாண்டி நின்ற வண்டி

நின்றுவிட்டது. இரண்டு தடவை விக்கியது, இழுவை போனது, பிறகு டயர் உருளும் சத்தம் மட்டும் மிச்சமாகி அதுவும் ஓய்ந்து, ஆலங்குளம் தாண்டிக் காற்றாலைகள் தொடங்குகிற இடத்தில், தென்காசி ரோட்டோரமாக ஒதுங்கி நின்றேவிட்டது. சாவியைத் திருப்பினேன். உள்ளே கரகரவென்று சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. இன்னொரு தடவை. வேண்டாம், பேட்டரி போய்விடும், பேட்டரியும் போனால் தள்ளத்தான் வேண்டும், யார் தள்ளுவது, நானா, பகவதியா. பகவதி பக்கத்தில் அசையாமல் இருக்கிறாள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. ஐம்பது தாண்டியவன், ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிறவன், கல்யாணமாகி வருஷம்கூடத் திரும்பாத மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏதாவது சொல்லேன் பகவதி. திட்டேன். வாய்விட்டு நாலு வார்த்தை திட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும். கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். "நான் தள்ளி நிக்கேன். அப்பதான் கெளம்பும்," என்று சாதாரணமாக, கடையில் பை வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வாகை மரத்தடிக்கு நடக்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. அந்தச் சாதாரணம். காலையில் புறப்படும்போதும் இதே குரலில்தான் சொன்னாள், இன்னிக்கும் நின்னுதுன்னா அக்கா வீட்டிலேயே கொஞ்ச நாள் இருந்துக்கிடுதேன் என்று. தென்காசியில் இருக்கும் அவள் அக்கா இசக்கியம்மாளைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருக்கிறோம், சனி ஞாயிறு இருந்துவிட்டுத் திரும்புவதாகப் பேச்சு. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்கிறவள் இல்லை, அதனால்தான் கேட்கவில்லை.

பானெட்டைத் தூக்கி முட்டுக்கொடுத்தாயிற்று. சூடு முகத்தில் அடிக்கிறது. பெட்ரோல் வாசனை, வெந்த ரப்பர் வாசனை, அடியில் எங்கோ சூடான இரும்பு டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருக்கிறது. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. அதுதான் இந்த வண்டியோடு வம்பு, திறந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, முகத்தைப் பார்த்தால் பால் வடியும். இது கோமதியின் வண்டி. கோமதி என் முதல் மனைவி, டீச்சர் வேலையில் சேர்ந்த புதிதில் தன் சம்பளத்தில், அப்போதே பழையதாக வாங்கிய வண்டி, இன்றைக்கு அதன் வயதைச் சொன்னால் ஒர்க்‌ஷாப்பில் சிரிக்கிறார்கள். அவள்தான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். பாளையங்கோட்டை மைதானத்தில் சுற்றிச் சுற்றி வந்து, கிளட்ச்சை விடும்போதெல்லாம் நான் அணைத்துவிட, ஒரு நாளும் கோபப்படாமல், தாணு சார் திரும்பவும் முதல்லேருந்து என்று சொல்வாள். அவள் இறந்துபோனபிறகு ஷெட்டில் மூடி வைத்திருந்தேன், கவரின் மேல் தூசி ஒரு விரற்கடை. எலி குடும்பம் நடத்தியது. பகவதி வந்துதான் அந்தக் கவரை எடுத்தாள். இதை ஏன் இப்படிப் போட்டு வச்சிருக்கீய, வண்டின்னா ஓடணும்லா என்று அவளே வாளியில் தண்ணீர் எடுத்து வந்து கழுவினாள், எலிக்கூட்டை எடுத்தாள், கிழிந்த சீட்டுக்கு அவளே அளவெடுத்து அவள் மெஷினிலேயே உறை தைத்தாள். வீட்டிலிருந்து தையல் கற்றுக்கொடுப்பவள். அரை மனதாக எதையும் செய்யத் தெரியாதவள். நாலு மாசம் வண்டி நாய்க்குட்டி மாதிரி எங்கள் பின்னால் ஓடியது, குற்றாலம், திருச்செந்தூர், சங்கரன்கோவில், எங்கேயும் ஒரு சின்ன இருமல்கூடக் கிடையாது. இப்போது கொஞ்ச நாளாகத்தான் இப்படி.

பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுகிறேன். பெட்ரோல் பம்ப் சூடாகி உள்ளே ஆவி அடைத்துக்கொண்டால் இப்படி நிற்கும், ஈரத்துணி போட்டால் சரியாகும், பழைய வண்டிக்காரன் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். போன தடவை சீதபற்பநல்லூர் பக்கம் நின்றபோது இதைத்தான் செய்தேன், கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டது, ஈரத்துணியின் பெருமையைப் பகவதிக்கு ஒரு பாடமே நடத்தினேன். அவள் கேட்டுவிட்டு, நான் இறங்கி அந்தக் கடைப்பக்கம் போனேன், அப்பதானே கெளம்பிச்சு என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதற்கு முந்தைய தடவையும் அவள் இறங்கிப் பூ வாங்கப் போனபோதுதான் கிளம்பியது. பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நான் மட்டும் போகிறேன், வருகிறேன், ஒரு நாள் நின்றதில்லை. செய்யது பாய் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன், பிளக் மாற்றினார், கண்டென்சர் மாற்றினார், பெட்ரோல் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்து, எங்கிட்ட நிக்க மாட்டேங்குது சார், வேற ஏதாவது புதுசா மாத்தினீங்களா என்று கேட்டார். ஒன்றும் மாற்றவில்லை என்றேன். அவரிடம் நிற்கவில்லை, என்னிடம் நிற்கவில்லை. பகவதி ஏறினால் நிற்கிறது. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கணக்கு எனக்கும் வரத்தான் செய்தது, ராத்திரி படுக்கையில் இருவரும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டு முதுகு காட்டிப் படுத்திருந்தோம். பிறகு ஒரு நாள் சாப்பாடு போடும்போது சொன்னாள், அவங்க வண்டிக்கு என்னைப் பிடிக்கல போலிருக்கு. அவங்க. கோமதியின் பெயரை அவள் சொன்னதில்லை, நானும் அவள் முன்னால் சொன்னதில்லை, வீட்டுக்குள் அந்தப் பெயர் ஒரு சூடான பாத்திரம் மாதிரி, யாரும் தொடாமல் சுற்றிப்போவோம். பௌதிகம் படித்தவன் மனைவி இப்படிப் பேசலாமா என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் அம்மா போனில் அடிக்கடி பேச ஆரம்பித்தாள், பெண்ணிடம் என்ன சொன்னாளோ, மூத்தவள் இருந்த இடம், பொருள், பார்த்துப் புழங்கு என்று ஏதோ. வண்டியை விற்றுவிடுகிறேன் என்றேன். விற்கக் கூடாது என்றாள், நான் வந்துதான் அதையும் வெளியே அனுப்பிச்சேன்னு ஆகணுமா என்றாள். விற்கவும் விடமாட்டாள், ஏறவும் பயப்படுவாள், ஏறாமலிருந்தால் நான் வருத்தப்படுவேன் என்று ஏறுவாள். இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது. அவளைப் பார்க்கிறேன். மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நிற்கிறாள், கைகளைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி. ஒருவேளை பஸ்ஸுக்குத்தானோ. பின்சீட்டில் அவள் பை இருக்கிறது, இரண்டு நாளுக்கு அது பெரிய பை, காலையில் தூக்கி வைக்கும்போது துணிக்குள் சுற்றிய கனமான ஒன்று கையில் தட்டுப்பட்டது. துணி வெட்டுகிற கத்திரி. அதை அவள் யாருக்கும் இரவல் தரமாட்டாள், அதை எடுத்துக்கொண்டு விருந்துக்குப் போகமாட்டாள். பகவதி, போகாதே. நீ இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியும், சில வருஷம் இருந்து பார்த்திருக்கிறேன், தெரியும் என்பதால்தான் சொல்கிறேன். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒரே குழம்பை மூன்று வேளை தின்று திரிந்தவனுக்கு, மத்தியானம் வீடு திரும்பும்போது தெருமுனையிலேயே உன் தையல் மெஷின் சத்தம் கேட்பது என்னவென்று உனக்குத் தெரியாது. இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்கிற வயதா என்று வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

சரி. ஒழுங்காக யோசி. பிள்ளைகளுக்குச் சொல்கிறாயே, ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிக்க வேண்டும் என்று. எஞ்சின் ஓட நெருப்பு வேண்டும், பெட்ரோல் வேண்டும், காற்று வேண்டும். நெருப்பு இருக்கிறதா. பிளக் வயரைக் கழற்றி, முனையை எஞ்சின் இரும்புக்குப் பக்கமாக முட்டுக்கொடுத்துவிட்டு, ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பி எட்டிப் பார்க்கிறேன். நிழலில் நீலப்பொறி தெறிக்கிறது. நல்ல பொறி. அப்படியானால் நெருப்பில் குறையில்லை. கார்புரேட்டர் வாயைத் திறந்து ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுக்கிறேன், உள்ளே பெட்ரோல் பீச்ச வேண்டும். ஒன்றுமில்லை. காய்ந்து கிடக்கிறது. பெட்ரோல் வரவில்லை. இது ஈரத்துணிக்காரனுக்கும் தெரிந்ததுதான், ஆவி அடைத்திருக்கிறது என்பான். ஆனால் இப்போது துணி போட்டாயிற்று, பம்ப் தொட்டால் குளிர்ந்திருக்கிறது, ஐப்பசி மாசம், வானம் வேறு மூடாக்கு, என்ன ஆவி. பம்ப்புக்கு வருகிற டியூபைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சிப் பார்க்கிறேன், மூடன், கோமதி பார்த்தால் கொன்றுவிடுவாள், பெட்ரோல் வாய்க்குள் வந்தால் என்ன ஆகும். வரவில்லை. வராதது மட்டுமில்லை. நாக்கை இழுக்கிறது. நான் உறிஞ்சவில்லை, அது என்னை உறிஞ்சுகிறது. டியூபை விட்டுவிட்டு அப்படியே நிற்கிறேன். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது, வண்டி லேசாக ஆடுகிறது. அடைப்பு என்றால் வராது, அவ்வளவுதான், இழுக்காது. இழுக்கிறது என்றால் அந்தப் பக்கம் காற்று குறைவாக இருக்கிறது. டேங்க்கில் காற்று இல்லை. போன வாரம்தானே நடத்தினேன், மூடிய டின்னில் ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் ஏன் திக்கித் திக்கி வருகிறது, இரண்டாவது ஓட்டை எதற்கு. பெஞ்சு மேல் ஏறாத குறையாக நடத்தினேன். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், வராவிட்டால் ஒரு கட்டத்தில் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் வராது. பள்ளிக்கூடம் பக்கத்துத் தெரு, அந்தத் தூரத்துக்கு ஒன்றும் ஆகாது. செய்யது பாய் பெட்ரோல் போட மூடியைத் திறந்திருப்பார், திறந்தவுடன் சரியாகிவிடும். தூரம் போனால்தான் நிற்கும். தூரத்துக்குப் பகவதியோடுதான் போகிறேன், வேறு யாரோடு போகிறேன். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் எங்காவது கசிந்து காற்று உள்ளே போய்விடும், கிளம்பும், அதற்குள் அவள் இறங்கிப் பூ வாங்கியிருப்பாள்.

டியூபை மாட்டிவிட்டுப் பின்பக்கம் போகிறேன். நடக்கிறேனா ஓடுகிறேனா தெரியவில்லை. வலதுபக்கம் வெளியே தெரிகிற மாதிரி வட்டமாகப் பளபளக்கும் பெட்ரோல் மூடி. சாவி போட்டுத் திருப்புகிறேன், கெட்டியாக இருக்கிறது, இரண்டு கையாலும் திருப்புகிறேன். உஸ்ஸென்று, நெடுநேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த ஒருவர் மூச்சிழுப்பது போல, உள்ளே காற்று போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது. மூடியைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். இதன் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு, காற்றுக்கான துளை. அது இருக்கிற இடத்தில் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம். ஆயுதபூஜை அன்றைக்குப் பகவதி வைத்தது. அன்றைக்கு அவள் எதை விட்டாள். ஹெட்லைட்டுக்கு, கண்ணாடிக்கு, நாலு சக்கரத்துக்கு, ஸ்டெப்னிக்கு, ஸ்டியரிங்குக்கு, ஜாக்கிக்கு, ஒரு ஸ்பானரைக்கூட விடாமல் குளித்த தலையில் துண்டோடு உட்கார்ந்து பொட்டு வைத்தாள். இந்த வீட்டில் அவளுக்கு முதல் பூஜை. தன் மெஷினுக்கு வைத்த அதே சந்தனம், காய்ந்து உதிரக் கூடாதென்று பன்னீரும் மஞ்சளும் சேர்த்துப் பிசைந்த கெட்டிச் சந்தனம். எல்லோர் வண்டியிலும்தான் பொட்டு இருக்கிறது, பஸ்ஸில், லாரியில், செய்யது பாய் கையில் இருக்கிற வண்டி எல்லாவற்றிலும், யாருக்கு அது கண்ணில் படும். நகத்தால் சுரண்டுகிறேன். ஒரு அடுக்கு வருகிறது, அடியில் இன்னொன்று, அதற்கடியில் இன்னொன்று. வெள்ளிக்கிழமை தோறும் வைத்திருக்கிறாள். முதல் தடவை நின்றபிறகு ஆரம்பித்திருப்பாள். நேற்றும் வைத்திருக்கிறாள், மேலே உள்ளது இன்னும் ஈரம் காயவில்லை. நிற்க நிற்க, இன்னும் கொஞ்சம் கெட்டியாக, இன்னும் கொஞ்சம் பெரிதாக. யாரைச் சமாதானப்படுத்த, எந்தக் கோபத்தைத் தணிக்க, விடியலில் நான் தூங்கும்போது ஷெட்டில் இந்த மூடிக்கு முன்னால் நின்று என்ன சொல்லிக்கொண்டு வைத்தாயோ. என் தங்கமே. நீ கும்பிடக் கும்பிட இது மூச்சுத் திணறியிருக்கிறது.

சொல்லக் கூடாது. முதல் நினைப்பு அதுதான். சுரண்டித் துடைத்துவிட்டுப் பைப்பில் துரு இருந்தது என்று சொல்லிவிடலாம். அவள் கைபட்டுத்தான் வண்டி நின்றது என்று எப்படிச் சொல்வது, ஏற்கெனவே தன்னால்தான் என்று மருகுகிறவளிடம், ஆமாம் உன்னால்தான் என்றா. அதைவிட அந்தக் கத்திரியை நானே எடுத்து அவள் மடியில் வைத்து, போ என்று சொல்லிவிடலாம். ஆனால் துரு என்றால் நம்புவாளா. பிளக் என்றபோது நம்பவில்லை, கண்டென்சர் என்றபோது நம்பவில்லை, ஈரத்துணிக்குச் சிரித்தாள். இன்றைக்கும் அவள் தள்ளிப்போய் நின்றபிறகுதான் கிளம்பப்போகிறது. துருவைச் சொல்லித் தென்காசி வரை போகலாம், திரும்பி வரும்போது பக்கத்து சீட்டு காலியாக இருக்கும். வேட்டியில் விரலைத் துடைக்கிறேன், போகமாட்டேன் என்கிறது மஞ்சள், துடைக்கத் துடைக்க வேட்டியெல்லாம் ஆகிறது. நிமிர்ந்தால் பகவதி தண்ணீர் பாட்டிலோடு வந்து நிற்கிறாள். எப்போது வந்தாள். நான் பின்பக்கம் குனிந்தே கிடந்ததில் மயங்கிவிட்டேனோ என்று நினைத்திருக்கிறாள், முகம் வெளிறியிருக்கிறது. தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் மறந்து வந்திருக்கிறாள்.

"என்ன அது, கையில?"

மூடியை நீட்டினேன். வேறென்ன செய்ய. துளையைக் காட்டினேன், காற்றைச் சொன்னேன், எண்ணெய் டின்னைச் சொன்னேன், தூரத்தைச் சொன்னேன், வாத்தியார் புத்தி, உயிர் போகிற நேரத்திலும் உதாரணத்தோடுதான் வருகிறது. அவள் மூடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் துளை வழியாகப் பார்த்தாள். ஒரு துளிச் சந்தனம் இன்னும் ஓரத்தில் ஒட்டியிருந்தது. மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அவங்க இல்லையா?"

"இல்ல."

"நாந்தானா?"

பொய் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. "நீதான் பகவதி," என்றேன். அழப்போகிறாள் என்று கையைப் பிடிக்கப் போனேன். அவள் சிரித்தாள். முதலில் மூக்கு வழியாக ஒரு சின்னச் சத்தம், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல் அப்படியே வண்டி மேல் சாய்ந்து, கண்ணிலிருந்து தண்ணீர் வரச் சிரித்தாள். நாந்தானா, நாந்தானா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகவும் இருந்தது, எது எங்கே மாறியது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஸ்கூட்டரில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னால் இப்படிச் சந்தோஷப்படுகிற ஒரு ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. நான் ஒரு முட்டாள். தன்னால் வண்டி நின்றது என்பது அவளுக்குப் பாரமே இல்லை, துடைத்தால் போகிற காரியம் அது. செத்துப்போன ஒருத்தி தன்னை வேண்டாமென்கிறாள் என்பதைத்தான் இத்தனை நாள் தூக்கிச் சுமந்திருக்கிறாள். அதை எப்படித் துடைப்பது, யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையில் செருகியிருந்த ஊசியை உருவித் துளையில் விட்டு அவளே சுத்தம் செய்தாள், வாயால் ஊதிப் பார்த்தாள், தன் கையாலேயே மூடித் திருகினாள். பிறகு மரத்தடிக்குப் போகாமல் நேராக முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சாவியைத் திருப்பினேன். கரகரவென்று சுற்றியது. பிடிக்கவில்லை. பைப் காய்ந்து கிடக்கிறது, பெட்ரோல் ஏறி வரக் கொஞ்சம் நேரமாகும் என்றேன், குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை. அவள் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், ஆனால் இறங்கவில்லை. மறுபடி. கணக்குச் சரிதானே, வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா, இப்போது மட்டும் கிளம்பாவிட்டால் இனி எந்தப் பௌதிகத்தைக் கொண்டு இவளைச் சமாதானப்படுத்துவேன். மறுபடி. ஒரு விக்கல். இன்னொன்று. பிடித்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை விடாமல் மிதித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கன்னத்தில் குங்குமம் ஈஷியிருந்தது. கியரைப் போட்டு மெதுவாக ரோட்டில் ஏற்றினேன். காற்றாலைகள் பின்னால் போயின. பாவூர்சத்திரம் வந்தது. நின்றுவிடுமோ என்று நான் ஒவ்வொரு சத்தத்துக்கும் காதைக் கொடுத்துக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரம் ஏற்றியவன்போல ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊர் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"ஏங்க, கோமதியக்கா இதுல எவ்வளவு வேகம் போவாங்க?"

அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்து வண்டிக்குள் சும்மா இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

"கோமதியா? ரோடு நல்லாருந்தா எண்பதுக்குக் குறைய மாட்டா."

"அப்ப நீங்க ஏன் இப்படி உருட்டுதீய?" என்றாள் பகவதி.